சைக்கிள் ஸ்டாண்டில் ஒட்டிய நோட்டீஸ்

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடிக்கு வெளியே ஒரு நூற்பாலையில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தேன். நாச்சியாபுரம் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவோம். இறங்கி ஓடினால் ஏழு மணிச் சங்குக்குச் சரியாக இருக்கும். அதற்கு முந்தி பஸ் கிடையாது.

வேலை நேரத்தை மாற்றுவதென்றால் நிர்வாகம் முன்கூட்டியே நோட்டீஸ் போட வேண்டும், தொழிலாளர் கமிட்டியோடு கலந்து பேச வேண்டும். சட்டம் அப்படி. ஷிஃப்டை ஆறு மணிக்குத் தொடங்க முடிவானபோது எங்கள் மேனேஜர் இரண்டையும் செய்தார். நோட்டீஸைத் தமிழிலேயே அடித்து, சைக்கிள் ஸ்டாண்டுப் பலகையில் ஒட்டினார். கமிட்டியைக் கூப்பிட்டுப் பேசினார். கமிட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். எல்லாரிடமும் சைக்கிள் இருந்தது. காபியைக் குடித்துத் தலையை ஆட்டிவிட்டு வந்தார்கள். எங்களுக்குச் சைக்கிளும் இல்லை, ஸ்டாண்டுப் பக்கம் சோலியும் இல்லை.

அரசல்புரசலாகச் செய்தி காதில் விழத்தான் செய்தது. என் பக்கத்து மிஷின்காரி அசைந்து கொடுக்கவில்லை.

"நம்மகிட்ட யாரு சொன்னா? சொல்லாத வீட்டு விசேஷத்துக்குப் போறவளாடி நீ?"

எங்களுக்கெல்லாம் அதுதான் நியாயமாகப் பட்டது. எங்கள் பக்கம் ஒரு காதுகுத்தாக இருந்தாலும் வாசலுக்கு வந்து வாயால் சொல்ல வேண்டும். பத்திரிகை மட்டும் வந்தால் அழைப்பில் சேர்த்தியில்லை. ஆகவே புது நேரம் தொடங்கிய அன்றும் வழக்கமான பஸ்ஸிலேயே போய் இறங்கினோம். கேட் பூட்டியிருந்தது.

"நோட்டீசு ஒட்டி எம்புட்டு நாளாச்சு! இப்படியே வந்தீகன்னா சீட்டைக் கிழிச்சிருவாக, ஆமா," என்றார் வாட்ச்மேன்.

மழை பொய்த்து எங்கள் நிலம் தரிசாகக் கிடந்த வருஷம் அது. என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. பயந்து அழுதிருக்க வேண்டியவள்தான். ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

மேனேஜரே கேட்டுக்கு வந்தார். "சட்டப்படி எல்லாஞ் செஞ்சாச்சு. நீங்க பாக்கலேன்னா நா என்ன செய்ய?"

"போன மாசம் உங்க மக கல்யாணத்துக்கு நீங்களும் உங்க வீட்டு ஆச்சியும் குங்குமச் சிமிழோட மிஷின் மிஷினா வந்து கூப்பிட்டீக. அதையும் சைக்கிள் ஸ்டாண்டுல ஒட்டியிருக்க வேண்டியதுதானே, ஐயா?" என்றேன்.

வாட்ச்மேன் முகத்தை அங்குட்டுத் திருப்பிக்கொண்டார். மேனேஜர் கேட்டைத் திறக்கச் சொன்னார்.

மறுநாள் எங்கள் பகுதிக்கே வந்து நின்றார். "உங்களுக்கு எது தோதுப்படும், சொல்லுங்க" என்றார். முதல் பஸ்ஸை இன்னும் முந்தி விட்டால் ஆறு மணிக்கே வருவோம் என்று நான்தான் முந்திரிக்கொட்டையாகச் சொன்னேன். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். அவர் பஸ் முதலாளியிடம் பேசி அப்படியே செய்ய வைத்தார். அதுவரைக்கும் எங்களுக்குப் பழைய நேரமே இருந்தது.

வேலை தப்பியது. ஆனால் கோழி கூவும் முன்னே எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியதாயிற்று. கேட்காமல் செய்திருந்தால் தினமும் மேனேஜரை வாய் நிறையத் திட்டிக்கொண்டே மூட்டியிருப்பேன். மனுஷர் கேட்டுத் தொலைத்துவிட்டார். திட்டுவதற்கு ஆளில்லாமல், என்னையே திட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.