மழைக்கோட்டுக்குக் கீழே நனைந்த சேலை

1. மேசை மேல் விழுந்த கோட்டு

எண்பதுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மாதக் காலை. ராஜபாளையம் கடைவீதியில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தோம். பாக்கியம் அக்கா மழையோடு மழையாக உள்ளே வந்து, போட்டிருந்த நீல மழைக்கோட்டைக் கழற்றி மேசை மேல் எறிந்தாள். தெறித்த தண்ணீர் என் முகத்தில் பட்டது.

"இந்தாங்க, உங்க கோட்ட நீங்களே வச்சுக்கிடுங்க. மில்லு கேட்டுல இன்னைக்கும் திருப்பி அனுப்பிச்சிட்டான்."

முதலாளி கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. அவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம்.

"கோட்டு ஒழுகுச்சா?" என்று கேட்டார்.

"கோட்டு ஒழுகல அண்ணாச்சி. நாந்தான் ஒழுகுதேன்."

அவள் சொன்னது சரிதான். இடுப்புக்கு மேலே வெயிலில் நடந்து வந்தவள் மாதிரி இருந்தாள். முழங்காலுக்குக் கீழே சேலை காலோடு ஒட்டிக்கொண்டு, நின்ற இடத்தில் குளம் கட்டியது.

"அப்படின்னா செத்த வெளிய போய் நில்லு தாயி. ஈரம் துணிக்கட்டுல பட்டுறப் போகுது" என்றார் அண்ணாச்சி.

மில் கேட்டில் அவளைத் திருப்பி அனுப்பியவனும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருந்தான்.

நான் பத்தாவது வரை படித்தவள். ஆட்களைக் கூப்பிட்டு வியாபாரம் பேசுவதற்குக் கூச்சம். என்னை மழைக்கோட்டுப் பக்கம் நிறுத்தியதே அதனால்தான். வருடத்தில் இரண்டு மாதத்தைத் தவிர அந்தப் பக்கம் ஆள் வராது. கடையில் என் குரல் யாருக்கும் கேட்டதில்லை. அன்றைக்கு மட்டும், "அவிய உள்ளதான் நிப்பாக" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு என் ஸ்டூலை இழுத்து அவளுக்குப் போட்டேன்.

ஜவுளிக்கடை வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இத்தனை வருடம் பார்த்தேன். ஆறவில்லை.

2. அவள் கேட்டது என்ன, நாங்கள் காட்டியது என்ன

பாக்கியம் அக்கா செட்டியார்பட்டியிலிருந்து வருகிறவள். ஒரு நூல் மில்லில், கூம்புக் கட்டையில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் டெம்ப்ரவரி. பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டால், அங்கிருந்து மில் கேட் வரை ஒதுங்க மரம்கூட இல்லாத பொட்டல். மலைக்காற்று குடையைத் திருப்பிப் போட்டுவிடும்.

அந்த மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. மழை நாளில் கேட்டில் வாட்ச்மேன் நிற்பான். பெண்கள் சேலைக் கொசுவத்தின் அடியைக் கையில் பிடித்துப் பிழிந்து காட்ட வேண்டும். தண்ணீர் சொட்டினால் அன்றைக்கு வேலை கிடையாது. ஈரச்சேலை பட்டால் கோனில் கறை ஏறிவிடும் என்பது காரணம். மாற்றுச் சேலை கொண்டு போகலாமே என்பீர்கள். நூலைச் சுற்றிக் கடத்திவிடுவார்கள் என்று துணி மூட்டை எதையும் உள்ளே விடமாட்டார்கள். பெண்கள் உடை மாற்ற ஓர் அறைகூட அங்கே கிடையாது.

பாக்கியம் அக்காவை அதற்கு முன்பே ஒரு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்று தடவை ஆனால் பெர்மனென்ட் லிஸ்டில் பெயர் வராது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அதனால்தான், கோட்டை மேசை மேல் எறிந்த காலைக்கு முன்னால், முதல் தடவையாகக் கடைக்கு வந்தாள்.

"பாலிதீன் தாளப் போத்திக்கிட்டுப் போனா உர மூட்டை மாதிரி இருக்கு தங்கச்சி. தினமும் போடணும், பாக்கவும் லட்சணமா இருக்கணும். அப்படி ஒரு கோட்டு எடு."

"பொம்பளையாளுக்குக் கோட்டா?" என்று அண்ணாச்சி சிரித்தார். "எந்த ஆபீசுல தாயி கலெக்டரு உத்தியோகம்?"

லேடீஸ் கோட்டு என்று ஒரு சரக்கே அப்போது எங்களிடம் கிடையாது. இருந்ததில் நல்லதாக ஒரு நீலக் கோட்டை எடுத்துக் கொடுத்தேன். பம்பாய்ச் சரக்கு. உள்பக்கம் ரப்பர் பூச்சு. தையல் ஓடும் இடத்திலெல்லாம் உள்ளே தண்ணீர் புகாமல் பட்டை ஒட்டியிருக்கும். பட்டன் மேல் மடிப்பு உண்டு, நிமிர்ந்த காலர் உண்டு. முழங்கால் வரை நீளம்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் நூலோடு பிழைக்கிறவர்கள். எந்தத் துணியைக் கொடுத்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். பாக்கியம் அக்காவும் தேய்த்துப் பார்த்தாள். அண்ணாச்சி தன் வழக்கமான வித்தையைச் செய்தார். கோட்டைக் குழிவாகப் பிடித்து, அதில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, அடியில் செய்தித்தாளை விரித்து வைப்பார். தாள் காய்ந்தே கிடக்கும்.

"பாத்தியா? ஒரு சொட்டு இறங்குச்சா?"

இறங்கவில்லை. நம்பி வாங்கிப் போனாள். அடுத்த மழையில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அது இரண்டாவது தடவை.

3. கொல்லைப்புறத்தில் பார்த்தது

ஸ்டூலில் உட்கார்ந்தவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"ஒழுகாத கோட்டப் போட்டுக்கிட்டு நான் எப்படி நனைஞ்சேன்? அத மட்டும் சொல்லு, நான் போறேன்."

எனக்கும் புரியவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு கடையின் கொல்லைக்குப் போனோம். மழை தூறலாகக் குறைந்திருந்தது. கோட்டை நான் என் சேலை மேல் போட்டுக்கொண்டேன். அவளைத் தோளில் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். குடத்திலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினாள். தோளில் விழுந்தது முதுகில் ஓடியது, நெஞ்சில் ஓடியது. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. அத்தனை தண்ணீரும் கோட்டின் விளிம்புக்கு வந்து, முழங்கால் பக்கத்தில் என் சேலை மேல் கொட்டியது. கோட்டு இல்லாமல் நின்றிருந்தால் உடம்பு முழுவதும் பரவியிருக்கும் மழை. கோட்டு அதையெல்லாம் சேர்த்து ஓரிடத்தில் ஊற்றியது, வாட்ச்மேன் பிழிந்து பார்க்கச் சொல்லும் அதே இடத்தில்.

"ஏட்டி! கடைச் சரக்குல விளையாடுதியளா?"

அண்ணாச்சி கொல்லை வாசலுக்கு வந்து கத்தினார். எதிர்க்கடைக்குப் போய்விட்டு வந்திருப்பார் போல, அவரும் அதே மாதிரி நீலக் கோட்டுதான் போட்டிருந்தார். கோட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதற்குக் கீழே இரண்டு வெறுங்கால்.

நாங்கள் இரண்டு பேரும் அவருடைய முழங்காலையே பார்த்தோம்.

"என்ன, ரெண்டு பேரும் என் கால அப்படிப் பாக்குதிய?"

"உங்க வேட்டி எங்க அண்ணாச்சி?" என்று பாக்கியம் அக்கா கேட்டாள்.

"கோட்டுக்குள்ளதான் இருக்கு. மடிச்சுக் கட்டியிருக்கேன். மழைக்குள்ள தொங்கவிட்டுக்கிட்டா நடப்பாக?"

பாக்கியம் அக்கா சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பு காதுக்கு நன்றாக இல்லை.

அந்தக் கோட்டை வெட்டியவன் பேன்ட் போட்டவனையோ வேட்டியை மடித்துக் கட்டியவனையோ நினைத்து வெட்டியிருக்கிறான். விற்றவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே விற்றார். முழங்காலுக்குக் கீழே தொங்கும் சேலை யாருடைய நினைப்பிலும் வரவில்லை. தையலைப் பார்த்தோம், பூச்சைப் பார்த்தோம், செம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். அதைப் போடப் போகிறவளைப் பார்க்கவில்லை.

"நீளமா ஒண்ணு வரவழைச்சுக் குடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"ஒரு பொம்பளைக்காகப் பம்பாய்க்கு எழுதச் சொல்லுதியா? போட்டு நனைச்ச கோட்ட நான் திருப்பி எடுக்கவும் மாட்டேன். போங்க, போய் வேலையப் பாருங்க."

பாக்கியம் அக்கா கோட்டை என் மேலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டாள்.

"என் ஊர்ல நடவுக்குப் போனா எல்லாரும் சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டுத்தான் நிப்போம். வயக்காட்டுல செருகுனா வேலைக்காரி. மில்லு ரோட்டுல செருகுனா மட்டும் அசிங்கமோ? பாத்துக்கிடுதேன்."

4. கேட்டில் நடந்தது

இது வாரவிடுமுறையில் கடைக்கு வந்து அவளே சொன்னது.

அந்த வாரம் மறுபடி மழை பிடித்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன் மேல் கோட்டை மாட்டி எல்லாப் பட்டனையும் போட்டாள். கோட்டுக்குக் கீழே வெறுங்கால். சைக்கிளில் போனவன் ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன், "யக்கா, சேலைய மறந்து வீட்லயே விட்டுட்டு வந்துட்டியா?" என்றான். அவள் நடையை நிறுத்தவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தான்.

"என்ன கோலம் இது? இது மில்லா, நடவுக் காடா? இப்படியெல்லாம் உள்ள விட முடியாது. திரும்பிப் போ."

அவன் போட்டிருந்தது காக்கி அரை டவுசர்.

"உம்ம முழங்காலு எந்நேரமும் இந்தக் கேட்டுல நிக்கலாம், என் முழங்காலு செத்த நேரம் வரக்கூடாதா?" என்று கேட்டிருக்கிறாள். பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவள் அங்கேயே கோட்டைக் கழற்றி உதறி, செருகியிருந்த சேலையை இறக்கி விட்டாள். கொசுவத்தை அவன் முன்னால் நீட்டினாள்.

"பிழியும். சொட்டுதான்னு பாரும். உங்க சட்டம் ஈரத்துக்குத்தான? முழங்காலுக்குன்னு எங்கயாச்சும் எழுதியிருந்தா காட்டும், நான் போறேன்."

சேலை அலமாரியில் மடித்து வைத்தது போலக் காய்ந்திருந்தது. சங்கு ஊதிவிட்டது. பின்னால் நின்ற ஒருத்தி, "அவள விடலைன்னா நாங்களும் உள்ள போகல" என்றாளாம். வாட்ச்மேன் திரும்பி, சத்தம் கேட்டு கேட்டுக்கு வந்திருந்த மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "தொலையட்டும், விடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது தடவை என்பது வரவே இல்லை. அடுத்த தை மாதத்தில் அவள் பெயர் பெர்மனென்ட் லிஸ்டில் வந்தது.

கதை இதோடு நல்லபடியாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அடுத்த வருட மழைக்கு முன்னால் அண்ணாச்சி கடை வாசலில் ஒரு போர்டு வைத்தார்: "மில் பெண்களுக்கு ஏற்ற ஸ்பெஷல் மழைக்கோட்டு." அதே நீலக் கோட்டு, அதே நீளம். பாக்கியம் அக்கா பட்ட அவமானம் அவருக்கு வியாபாரமாகிவிட்டது.

"இது ஆம்பளைக் கோட்டுதான அண்ணாச்சி?" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டுவிட்டேன். மறுவாரம் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அவர் தம்பி கடைக்கு மாற்றினார்கள். "புள்ளைக்கு வாய் நீண்டு போச்சு" என்பது அவர் சொன்ன காரணம்.

5. பூப்போட்ட கோட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் பல வருடம் இருந்தேன். தொண்ணூறுகளில் பெண்கள் மொபெட் ஓட்ட ஆரம்பித்தார்கள். கம்பெனிக்காரர்களும் விழித்துக்கொண்டு லேடீஸ் மாடல் என்று ஒன்று அனுப்பினார்கள். ரோஸ் நிறத்தில் பூப்போட்டு, பார்க்க அழகாக இருந்தது. உள்ளே திருப்பிப் பார்த்தேன். தையலில் பட்டை கிடையாது. பட்டன் மேல் மடிப்பு கிடையாது. ஒரு பாக்கெட்கூட இல்லை.

"இது தூறலுக்கே தாங்காதே சார்" என்று கம்பெனி ஆளிடம் சொன்னேன்.

"லேடீஸ் கலரத்தான் பாப்பாங்க மேடம். உள்ள யாரு திருப்பிப் பாக்கா?" என்றார் சிரித்துக்கொண்டே.

ஆண்களுக்கு நனையாத கோட்டு, பெண்களுக்கு அழகான கோட்டு. அழகும் வேண்டும், நனையவும் கூடாது என்று ஒருத்தி கேட்டால் மட்டும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. அன்றைக்கு வந்த கோட்டுக் கட்டு முழுவதையும் அப்படியே திருப்பி அனுப்ப வைத்தேன். கூச்சப்படுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு. எப்போதாவது வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் திடுக்கிட்டுச் சம்மதித்துவிடுவார்.

கோட்டைப் பார்க்கத் தெரிந்துகொள்வது பெரிய வித்தை இல்லை. உள்ளே திருப்பித் தையலில் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அக்குளில் காற்றுப் போக ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் மழைக்குப் பதில் வியர்வையில் நனைய வேண்டியதுதான். பளபளப்பை நம்பாதீர்கள். நிழலில் காயப்போட வேண்டும், இஸ்திரிப் பெட்டி பக்கமே கொண்டு போகக் கூடாது என்று வாங்குகிறவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. முதலில் எதிரில் நிற்கிறவரைக் கேளுங்கள். உள்ளே என்ன உடுத்திப் போவீர்கள்? நடந்தா, வண்டியிலா? போய்ச் சேர்கிற இடத்தில் உங்களை யார் தொட்டுப் பார்ப்பார்கள்? இதைக் கேட்க எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. கேட்காமல் விற்றால் என்ன ஆகும் என்பதை அந்த மேசை மேல் பார்த்துவிட்டதால் கேட்டேன்.

இப்போதும் கடைவீதியில் கோட்டைக் குழிவாகப் பிடித்துச் செம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டுகிறார்கள். கூட்டம் நின்று பார்க்கிறது. தாள் காய்ந்தே கிடக்கிறது. எனக்கு மட்டும் அந்தச் செம்பைப் பிடுங்கி, ஊற்றுகிறவர் தலையில் கவிழ்த்து, அப்படியே மில் கேட் வரை நடந்து போய் வரச் சொல்லலாம் என்று தோன்றும்.