மூடாதேங்கோ என்றவர்

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் கரண்ட் அடிக்கடி போகும். எங்கள் வீட்டில் சோலர் இன்வேர்ட்டர் பூட்டக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் வந்தார். மெலிந்த மனிதர். அடையாள அட்டை சட்டைப் பையில் பாதி வெளியே தெரியும்.

"மேல இருக்கிற தட்டு வெயிலை வாங்கி பற்றரிக்குக் குடுக்கும். பற்றரிக் கரண்டில உங்கட ஃபான் ஓடாது தங்கச்சி, அதை வீட்டுக் கரண்டா மாத்திறதுதான் இந்தப் பெட்டி. வெளிநாட்டில றோட்டுக் கரண்ட் லைனோட சேர்த்துப் பூட்டிற வகையும் இருக்கு. லைன் போனா அதுவும் நிண்டிடும். உங்களுக்கு இதுதான் சரி."

பெட்டியை வாசலுக்கு நேரே ஹோலில் வைத்து, ஒவ்வொரு வயரிலும் சிங்களத்தில் பெயர் எழுதி ஒட்டினார். எல்லா வீட்டிலும் அப்படித்தானாம்.

"இவ்வளவு வெளியிலயா அண்ணை?"

"ஒளிச்சு வச்சாத்தான் சோதிக்க வாற ஆமிக்காரர் குண்டெண்டு நினைப்பாங்கள். ஒண்டாலயும் மூடாதேங்கோ."

பார்க்க அசிங்கமாக இருந்ததால், நான் பெட்சீற்றால் மூடினேன்.

அடுத்த மாதம் அவர் பின்பக்கத்தால் வந்து, அங்கிருந்த பற்றரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றபோது, வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு ஆமியும் வந்தது. துணிக்கடியில் பெட்டியின் சிவப்பு லைட் மின்னியது. துவக்கை நீட்டியபடி, யார் மூடியது என்று சிங்களத்தில் கேட்டார்கள். பின்பக்கத்திலிருந்து வந்து நின்ற அவரை நான் திரும்பிப் பார்த்தேன்.

"நான்தான் சேர்" என்று அவர் சிங்களத்தில் சொன்னார்.

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது திரும்பி, "தண்ணி பாதிதான் விட்டனான் தங்கச்சி" என்றார்.

பிறகு அவர் வரவேயில்லை. மீதித் தண்ணீரையும், அதற்கடுத்த மாதங்களின் தண்ணீரையும் விட்டது நான்தான்.