மணியக்கா கேட்காமல் விட்ட கேள்வி

அன்று காலை பனியன் கம்பெனி வேன் மணியக்கா இல்லாமல் வந்தது. சாமளாபுரத்தில் ஹாரன் அடித்துக் காத்திருந்தபோது அவருடைய அண்ணன் வெளியே வந்து, விடியற்காலையில் நெஞ்சுவலி, தங்கச்சி போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறார். டிரைவர் அதைக் கம்பெனி கேட்டில் வைத்து எங்களிடம் சொன்னார். நான் பேக்கிங் பிரிவுக்குப் போய், முந்தின நாள் பாதியில் விட்ட பெட்டிக்கு டேப் ஒட்டினேன். அடுத்த பெட்டிக்கும் ஒட்டினேன். அழுகை வரவில்லை. கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

வசந்தாமணி என்ற முழுப்பெயர் சம்பளக் கவரில் மட்டும்தான் இருக்கும். செக்கிங் சூப்பர்வைசர். அவரிடம் திட்டு வாங்காத டெய்லர் நம்மில் யார்? பனியனை வெளிச்சத்துக்கு நேரே ஒரு தரம் விரிப்பார், அவ்வளவுதான் தீர்ப்பு. ஷிப்மென்ட் அவசரம் என்று மேனேஜரே வந்து கெஞ்சிய நாளில், "ஓட்டை ஓட்டைதானுங்க சார். நீங்க வேணா கண்ணை மூடிக்கங்க, வாங்கறவன் மூடிக்குவானா?" என்றார். மேனேஜர் திரும்பிப் போனார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அப்பேர்ப்பட்டவர்தான், வேஸ்ட் குடோனில் துணி மூட்டைமேல் கிடந்த காது கிழிந்த பூனைக்குட்டியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். பெயர் செகண்ட்ஸ். குறையுள்ள பனியனுக்கு நம் ஊரில் என்ன பெயரோ அதுவே. "இதை ரிஜெக்ட் பண்ணலியாக்கா?" என்று கேட்டேன். "பனியனுக்குப் பசிக்குமா கண்ணு?" என்றார்.

குட்டி வளர்ந்து பருவத்துக்கு வந்ததும் கத்தித் தீர்த்தது. கருத்தடை ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டரிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். ரத்தத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பார்த்ததில், பூனைகளுக்கு வரும் லுக்கீமியா வைரஸ் இருப்பது தெரிந்தது. "ரெண்டுல எதுவும் தப்பில்லீங்க," என்றார் டாக்டர். "பண்ணலைன்னா கடைசி வரைக்கும் ஊட்டுக்குள்ளயே அடைச்சு வெக்கோணும். வெளிய போனா மத்த பூனைக்கு ஒட்டும், குட்டி போட்டா குட்டிக்கும் வரும். பண்ணினா சுத்தறதும் சண்டையும் கொறையும், குட்டியும் இல்லை; ஆனா ரத்தம் கம்மியா இருக்கறதால மயக்கத்துலயே போயிரலாம். நீங்கதான் சொல்லோணும்."

ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்கிற மணியக்கா, யோசித்துச் சொல்வதாகப் பூனையைத் திருப்பித் தூக்கி வந்தார். ஊர்க் கோயிலில் சாமியிடம் பூக்கேட்கப் போனார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி எடுப்பது வெள்ளை என்றால் சம்மதம். வந்தது சிவப்பு. அத்தோடு விட்டாரா? அடுத்த வாரமே மறுபடியும் போனார். "நாஞ் சொன்னது சரியில்லீங்க. நோவு இருக்குதுன்னு சாமிகிட்டச் சொல்ல உட்டுட்டேன்" என்றார். இந்தத் தடவை வெள்ளை. டாக்டரிடம் சனிக்கிழமைக்குச் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டப்பாவைத் திறக்கவே இல்லை. "சாமி சரின்னுருச்சு. ஆனா, திரும்ப முழிக்குமான்னு நான் கேக்கவே இல்லையே, கண்ணு." வெள்ளிக்கிழமை போய் அதையும் கேட்டுவிடுவதாகச் சொன்னார். வியாழக்கிழமைதான் வேன் அவரில்லாமல் வந்தது.

சாவு வீட்டில் பூனை கட்டிலுக்கடியில் கிடந்தது. "இதைய என்னங்க பண்றது? தறிக் குடோன் பக்கம் உட்டுட்டா எலி புடிச்சுப் பொழச்சுக்கும்," என்றார் அண்ணன். கெட்ட மனிதர் இல்லை. தங்கையைப் பறிகொடுத்தவருக்குப் பூனை ஒரு கேடா? ஏற்றுமதிப் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு நான் எடுத்து வந்தேன். நானிருப்பது லைன் வீட்டில் ஒற்றை அறை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே பூனை புகுந்து போகிற சந்து. மதில்மேல் எந்நேரமும் நாலு பூனை. பகல் முழுக்க நான் கம்பெனியில். அடைத்து வைத்துப் பார்த்துக்கொள்ள மணியக்காவால் முடியும், என்னால் முடியாது. நான் சாத்தான்குளத்துப் பக்கத்து வேதக்காரி. ஜெபம் பண்ணத் தெரியும், பூக்கேட்கத் தெரியாது. அந்த இரண்டு நாளும் ஜெபமும் வரவில்லை.

சனிக்கிழமை பெட்டியோடு போனேன். டாக்டருக்கு விஷயம் தெரியாது. மணியக்கா வரவில்லையா என்று கேட்டார். சொன்னேன். பெட்டியைத் திறந்து பூனையைப் பார்த்தார். "அப்போ இது இனி யாரு பூனைங்க? யாராச்சும் ஒருத்தரு சரின்னு சொல்லோணுமே."

"என் பூனைதான் டாக்டர். பண்ணிருங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் கம்பெனி வேன்கள் போய்க்கொண்டிருந்தன. மணியக்கா செத்துப்போனார் என்பதே அந்தப் பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது, காது கிழிந்த, வயிற்றில் தையல் போட்ட, எத்தனை காலம் இருக்குமென்று தெரியாத ஒரு பூனை. இதை எழுதுகிற தாளின்மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

அக்கா, அது முழிச்சுட்டுதுக்கா.