காற்றாலைக்காக வாங்கிய கையெழுத்து

சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்ட ஒரு வரைபடத்தில்தான் அந்த அக்கா எனக்கு முதலில் அறிமுகமானார். விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடி அறையில், எங்கள் காற்றாலைக் கம்பெனியின் அலுவலகம் இருந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். நான் அங்கே டைப்பிஸ்ட். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போவேன். திண்டிவனத்துக்கு மேற்கே, மேல்மலையனூர் போகிற வழியில் ஒரு மேட்டு நிலத்தில் காற்றாலைகள் நிறுத்த அனுமதி கேட்டிருந்தோம். பஞ்சாயத்துத் தீர்மானம் ஆகிவிட்டது. தாசில்தார் அலுவலகத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் ஃபைல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. காற்றை அளக்கிற கம்பம் ஒன்றையும் மேட்டில் நட்டிருந்தார்கள். அளந்து முடிக்கும்வரை காத்திருக்க மேனேஜருக்குப் பொறுமை இல்லை. அதற்குள் வேறு கம்பெனி வந்துவிடும் என்பார்.

வட்டம் போட்ட இடம் மேட்டுக்குப் போகும் மண்பாதையின் வளைவு. காற்றாலையின் இறக்கை ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். அதை ஏற்றி வரும் லாரி அந்த வளைவில் திரும்பாது. ஒரு பக்கம் ஏரிக்கரை, அதைத் தொட முடியாது. மறுபக்கம் ஒரு மல்லாட்டைக் கொல்லையின் மூலை; வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அந்த மூலை கிடைத்தால்தான் பாதை அகலமாகும், பாதை அகலமானால்தான் அதிகாரிகள் பார்வையிட்டு அனுமதி தருவார்கள். நிலம் அந்த அக்காவின் பேரில் இருந்தது, தாய்வீட்டுச் சொத்து. கணவர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். எங்கள் ஆட்கள் இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பிவிட்டார்கள்.

"நீங்க பொம்பளை. போய்ப் பேசிப் பாருங்க" என்றார் மேனேஜர்.

நான் போனபோது அக்கா களை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, கையிலிருந்த களைக்கொட்டை அந்த மூலைப் பக்கம் நீட்டினார்.

"அங்க என் பொண்ணு தூங்குது கண்ணு. வேற எது வேணாலும் கேளு."

ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டது. அதன் பிறகு அவருக்குக் குழந்தை இல்லை. அந்த மூலையில் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு உழாமல் விட்டிருந்தார், அவ்வளவுதான். அதனால்தான் எங்கள் சர்வேயருக்கு அது வெறும் தரிசாகத் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் முறை போனபோது நான் கம்பெனிப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்குக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு வயதில் ஒரு மகள், அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறேன் என்றேன். "பால்குடி மறந்துடுச்சா? உன்னைத் தேடுமே" என்றார். வேகவைத்த மல்லாட்டையை ஒரு பையில் போட்டு என் மகளுக்கென்று கொடுத்தனுப்பினார். அலுவலகம் திரும்பியதும் மேனேஜரிடம், "அடுத்த தடவை வாங்கிடலாம் சார்" என்று சொன்னேன். அதைச் சொன்னபோது எனக்கு உறுத்தவில்லை. நன்றாக வேலை செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் முறை பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். ஊரில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், இது ஒன்றுதான் பாக்கி என்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நான் போடலன்னா உன் வேலை போயிடுமா?"

போகாது. மேனேஜர் முகத்தைச் சுளிப்பார், வேறு யாரையாவது அனுப்புவார். என் மேஜையும் டைப் மெஷினும் அங்கேயேதான் இருக்கும். இது எனக்குத் தெரியும்.

"ஆமாங்கக்கா" என்றேன்.

அவர் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். கம்பெனி கொடுப்பதாகச் சொன்ன பணத்தை வேண்டாம் என்றுவிட்டார். "புள்ளைய எழுப்பறதுக்குக் காசு வாங்குவாங்களா?" என்றார். கிணற்றுப் பக்கம் அதை மாற்றி வைக்க ஒரு நாள் மட்டும் கேட்டார்.

அந்த நாள் நானும் போயிருந்தேன். மண்ணைத் தள்ளுகிற இயந்திரம் காலையிலேயே வந்து பாதையில் நின்றது. அக்காவின் கொழுந்தனார் ஒரு முழம் வரை கடப்பாரையால் தோண்டினார். அதன்பின் அக்கா அவரை விலகச் சொல்லிவிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளினார். கிடைத்தது கொஞ்சம்தான். எலும்பு என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படுகிற அளவுக்குக் கொஞ்சம். ஆனால் கண்ணாடி மக்காது. இரண்டு பச்சை வளையல்கள் உடையாமல் வந்தன. அக்கா அவற்றை முந்தானையில் துடைத்து வைத்துவிட்டு மறுபடியும் மண்ணைத் துழாவினார்.

"நாலு போட்டிருந்தது. ஒரு கைக்கு ரெண்டு."

தேடினார். வெயில் உச்சிக்கு ஏறியது. இயந்திரக்காரர் இரண்டு முறை என்னிடம் வந்து, "இன்னும் எவ்ளோ நேரம் மேடம், நான் வேற சைட்டுக்குப் போவணும்" என்றார். நான் குழியருகே போய்க் குனிந்து, "போதும்க்கா" என்றேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் மாதிரி இருந்தார். பிறகு கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டாமலே மேலே ஏறி வந்தார். என் வாழ்க்கையில் நான் சொன்ன எத்தனையோ சொற்களை மறந்துவிட்டேன். அந்த 'போதும்' மட்டும் போகவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள், வளைவைப் பார்த்தார்கள். சில மாதங்களில் அனுமதி கிடைத்தது. அலுவலகத்தில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். அந்தக் கையெழுத்தை வாங்கியவள் என்று என் பெயர் சென்னைத் தலைமை அலுவலகம்வரை போனது. அடுத்த வருடம் காற்றை அளந்த கணக்கு முழுதாக வந்தது. அந்த மேட்டில் அடிக்கிற காற்று போதாது என்று முடிவு செய்தார்கள். கம்பத்தை இறக்கினார்கள், விழுப்புரம் அலுவலகத்தைக் காலி செய்தார்கள். எனக்குச் சம்பள உயர்வோடு சென்னைக்கு மாற்றல். ஊருக்குப் போய் ஒரு வார்த்தை சொல்ல யாரையும் அனுப்பவில்லை. நானும் போகவில்லை.

பத்து வருடத்துக்கு மேல் கழித்து, ஓர் அமாவாசையன்று குடும்பத்தோடு மேல்மலையனூர் போய்விட்டுத் திரும்பும்போது வண்டியை அந்தப் பாதைக்குத் திருப்பச் சொன்னேன். எந்த லாரியும் திரும்பாத அந்த வளைவு அகலமாக, வீணாகக் கிடந்தது. வைக்கோல் போர் போட்டிருந்தார்கள். இரண்டு மாடுகள் கட்டியிருந்தன. அக்கா கொல்லையில்தான் இருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். காற்றாலை வரவே இல்லையே அக்கா என்று ஆரம்பித்தேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வரலன்னா போவுது. உன் வேலை போவாம நின்னுச்சு இல்ல? இன்னும் போய்க்கினுதான இருக்க?"

"ஆமாங்கக்கா."

"அது போதும். புள்ளைய எழுப்புனது வீணாப் போவல. அப்படித்தான் நான் மனசத் தேத்திக்கினு இருக்கேன்."

அவரிடம் மிச்சமிருந்த அந்த ஒரே ஆறுதலைப் பறிக்க மனம் வராமல்தான் அன்று சொன்னது பொய் என்று சொல்லாமல் விட்டேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அவ்வளவு அழகானதில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை. அக்கா என் கையைப் பிடித்து வண்டிவரை கொண்டுவந்து விட்டார். உள்ளே உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்து, "நல்லா வளந்துடுச்சே" என்று சிரித்தார். நான் தலையாட்டிவிட்டு ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.