அம்மாவுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

என் அம்மாவை ஒரு வாரத்துக்கு ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டு அம்மாவை எங்கள் வீட்டுக்கு வாங்கிக்கொள்ள எங்கள் குடும்பம் சம்மதித்தபோது எனக்கு எட்டு வயது. தம்பிக்கு நான்கு. எங்கள் இருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது ஒரு டிவி நிகழ்ச்சி. இரண்டு குடும்பங்களின் அம்மாக்கள் இடம் மாறிக்கொள்வார்கள். இரண்டு வீட்டிலும் கேமரா இருக்கும். சேனலில் வேலை பார்த்த யாரோ அப்பாவின் ஆபீஸ் நண்பருக்குத் தெரிந்தவர். டிவியில் வர வேண்டும் என்று அப்பாவுக்கு வெகுநாள் ஆசை. ஆனால் அம்மா கணக்கு டீச்சர். எதற்கும் முதலில் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பிப்பாள். அதனால் அப்பா என்னென்னவோ சமாதானங்களைத் தயார் செய்துகொண்டு பேச்சை எடுத்தார். அம்மா இட்லி மாவைக் கரைத்தபடியே, "சரி, போறேன்" என்று முடித்துவிட்டாள். தயார் செய்தது எல்லாம் வீணானதில் அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

எனக்கும் முதலில் பெரிய கவலை இல்லை. பயத்தைக் கொண்டுவந்து வைத்தது மாமா. அம்மாவின் தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் குரோம்பேட்டையிலிருந்து பைக்கில் மேடவாக்கம் வந்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, எங்களையே கலாய்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம்.

"குட்டி, இதுக்கும் எஸ்எம்எஸ் ஓட்டு உண்டு, தெரியுமா? யாருக்கு ஓட்டு ஜாஸ்தியோ அந்த அம்மாதான் இங்க பர்மனென்ட். கம்மியா வாங்கினவங்க எலிமினேட்."

நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? பாட்டு, டான்ஸ், சமையல் என்று அந்த நாட்களில் நாங்கள் பார்த்த எல்லாவற்றிலும் ஓட்டு இருந்தது. வாரக் கடைசியில் இரண்டு பேரை மேடையில் நிறுத்தி, சிவப்பு விளக்கைப் போட்டு, பெயரைச் சொல்லாமல் இழுத்தடித்து, ஒருவரை அனுப்பிவிடுவார்கள். அவர் அழுதபடி போவார். அடுத்த வாரம் அவர் பெயரைக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள். அவர்களுக்காவது திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. வீட்டிலிருந்தே எலிமினேட் ஆனால் அம்மா எங்கே போவாள்? இதை அப்பாவிடம் கேட்கலாம் என்றால், அவர் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவாரோ என்று அதற்கும் பயம்.

அம்மா கிளம்பியதைப் படம் பிடித்தார்கள். டைரக்டர் ஒல்லியான ஓர் அண்ணன். கழுத்தில் எப்போதும் துண்டு. அம்மா பையை எடுத்துக்கொண்டு, எங்களுக்கு முத்தம் கொடுத்து, படியிறங்கி வேன்வரை போனாள். உடனே அவர் திரும்ப மேலே கூப்பிட்டார். "மேடம், கொஞ்சம் அழுங்க மேடம். பசங்கள விட்டுட்டுப் போறீங்க, அந்த ஃபீல் வரல." அம்மா மறுபடி முத்தம் கொடுத்து, மறுபடி படியிறங்கினாள். அப்போதும் ஃபீல் வரவில்லை. எனக்கு வந்தது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையில் டைரக்டர் அண்ணன் மகிழ்ந்துபோய், "பாப்பா சூப்பர்" என்றார். வேன் போயே போய்விட்டது.

அன்று சாயங்காலம் ஊரப்பாக்கத்து அம்மா வந்து இறங்கினார். ஜிஎஸ்டி ரோட்டில் கடைகளை வாடகைக்கு விட்டிருக்கும் பழைய குடும்பம். கூட்டுக் குடும்பத்தின் மூத்த மருமகள். நிகழ்ச்சியின் விதிப்படி நாங்கள் அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும். நான் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடாமலேயே சமாளித்தேன்.

"இன்னாம்மா, மூஞ்சிய உம்முனு வச்சிகினு கீற? சாப்புட்டியா?"

என் கண் அவர் தோளுக்குப் பின்னாலிருந்த கேமராவின் சிவப்புப் புள்ளியில் இருந்தது. அதற்குப் பின்னால் தமிழ்நாடே உட்கார்ந்து செல்போனைக் கையில் வைத்திருப்பதாக நினைத்தேன்.

நிலைமை முதல் நாளே மோசமாகத் தெரிந்தது. அந்த அம்மா நன்றாக இருந்தார். அதுதான் கஷ்டம். நாற்றம் அடிக்கும் என்று எங்கள் வீட்டில் நுழையவே நுழையாத நெத்திலிக் கருவாட்டைக் குழம்பு வைத்தார். அப்பா விரலை நக்கிச் சாப்பிட்டார், கேமராவுக்கு முன்னாலேயே. தண்ணீர் லாரி வந்தபோது இன்னும் மோசம். அம்மா லாரிக்காரரிடம் பேசினால் வகுப்பில் வீட்டுப்பாடம் கேட்பதுபோல இருக்கும். அவரும் பயந்து தலையைக் குனிந்துகொள்வார். இந்த அம்மாவோ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இன்னாயா, வர்ற வழியிலயே பாதித் தண்ணிய ரோட்டுக்கு ஊத்திகினு வந்தியா?" என்று கேட்டார். லாரிக்காரர் சிரித்தார். பால்கனியில் நின்ற பக்கத்து வீட்டு மாமிகள் சிரித்தார்கள். கேமராக்காரர் சிரித்ததில் கேமராவே குலுங்கியது. ஒவ்வொரு சிரிப்பும் அந்த அம்மாவுக்கு ஒரு ஓட்டாகத்தான் விழுந்தது. அம்மாவுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். என்னிடம் செல்போன் இல்லை. மாமா போடலாம். மாமாவையும் முழுசாக நம்ப முடியவில்லை, கருவாட்டுக் குழம்பை அவரும் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார்.

சோற்றைத் தட்டில் அளைந்துவிட்டு அப்படியே எழுந்தேன். சிரிப்பு வந்தால் உதட்டைக் கடித்து நிறுத்தினேன். தம்பியையும் சிரிக்கக் கூடாது என்று மிரட்டி வைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் கெடுத்தவன் அவன்தான். எங்கள் இருவரையும் சோபாவில் உட்காரவைத்து டைரக்டர் அண்ணன், "எந்த அம்மா பிடிச்சிருக்கு?" என்று கேட்டார். அம்மாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை முதலிலிருந்து நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் தம்பி, "புது அம்மா!" என்று கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். "செமடா தம்பி! ஒன் மோர்!" என்றார் டைரக்டர். அவன் இன்னும் சத்தமாகக் கத்தினான். சொந்த வீட்டிலிருந்தே இரண்டு ஓட்டு! அப்பா வேறு அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். அன்று அவர்கள் இரண்டு பேரையும் நான் வெறுத்தேன்.

கடைசியில் தாங்க முடியாமல் அந்த அம்மாவிடமே போனேன். மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கேமரா இல்லை. "நீங்க ஜெயிச்சா எங்கம்மா எங்க போவாங்க?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. ஓட்டு விஷயத்தை விளக்கினேன். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் கன்னத்தைப் பிடித்தார்.

"அட கண்ணு, இதுக்கா ஒரு வாரமா சோறு எறங்கல உனக்கு? எம்புள்ளைங்க அங்க கீதுங்க. நானு இங்க இன்னா பண்ணப் போறேன்? உங்கம்மா வந்துடும்."

எனக்குப் பயம் போகவில்லை. ஜெயிக்கப்போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பணிவாகப் பேசுவார்கள் என்பது டிவி பார்க்கிற யாருக்கும் தெரியும்.

எங்கள் அம்மா திரும்பி வரும் நாளில் அந்த அம்மா காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். போகும்போது தம்பி அழுதான். எங்களுக்குப் புதுத் துணி போட்டு, கீழே கேட் அருகில் வரிசையாக நிறுத்தினார்கள். மாமாவும் வந்திருந்தார். வேன் வந்து எதிர்ப்பக்கம் நின்றது. கதவு திறக்கவில்லை. டைரக்டர் அண்ணன் முன்கதவு வழியாக உள்ளே போனார், வெளியே வந்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தம்பி வெயில் தாங்காமல் அப்பாவின் காலுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன சார் லேட்டு?" என்றார் அப்பா.

"லைட் கொஞ்சம் சரியில்ல சார். அஞ்சே நிமிஷம்."

நான் மாமாவின் சட்டையை இழுத்தேன். அவர் குனிந்து என் காதில், "கடைசி ரவுண்டு எண்ணிக்கிட்டிருக்காங்க குட்டி" என்றார். அவ்வளவுதான், எனக்கு உலகமே இருட்டிக்கொண்டு வந்தது. ரோட்டைத் தாண்டி ஓடிப்போய், வேனின் கறுப்புக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். அம்மா உள்ளே இருந்தாள். நான் பார்த்தறியாத ஒரு புடவை, தலை நிறைய மல்லிகைப்பூ. மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முன் சீட்டின் முதுகையே பார்த்தபடி இருந்தாள். டைரக்டர் அண்ணன் கையைக் கூப்பாத குறையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தோற்றுப்போய்விட்டாள் என்றே நினைத்தேன். கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்து, "அம்மா, நான் ஓட்டுப் போடறேம்மா!" என்று கத்தினேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கதவு திறந்தது.

அன்று அவள் அழுதாள். டைரக்டர் ஒன் மோர் கேட்கவில்லை. மறுநாள் வகுப்பில் எங்கள் அம்மா ஜெயித்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது எங்கள் ஹாலில் உட்கார இடமில்லை. ஊரப்பாக்கத்து வீட்டில் அம்மா என்ன செய்தாள் என்று அப்போதுதான் பார்த்தோம். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அந்த வீட்டில் மருமகள்கள் முறை வைத்துச் சமைத்தார்கள், அம்மாவின் முறை எப்போதாவதுதான் வந்தது. மீதி நேரம் அவர்களோடு தாயம் ஆடினாள். வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல மத்தியானத்தில், ஃபேனுக்குக் கீழே வெறுந்தரையில், வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். "பாரு, பாரு, டீச்சரம்மா தூங்கற அழக" என்று அப்பா சத்தம் போட, மாமிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தனை பேருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்த அம்மா, சமையலறை வாசலில் வந்து நின்று, தான் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வேலைக்குப் போய், கல்யாணமாகி, எனக்கும் ஒரு பெண் பிறந்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். "அன்னைக்கு ஏம்மா அவ்வளவு நேரம் வேன்லயே உட்கார்ந்திருந்த?"

"லைட்டு சரியில்லன்னாங்கடி," என்றாள் அம்மா.

அது பங்குனி மாதத்து உச்சி வெயில். ஊர் உலகம் அம்மாவை வேண்டாம் என்று சொல்லிவிடுமோ என்றுதான் அந்த வாரம் முழுக்க நான் செத்துப் பிழைத்தேன். அம்மாவுக்கு நாங்கள் வேண்டாமல் போகலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.