நான் விற்ற முகப்பூச்சு

குழாய்த் தண்ணீர் முகத்தில் பட்டதும் எரிந்தது. சோப்பு இல்லை, வெறும் தண்ணீர்தான். துண்டால் ஒற்றினேன். மிளகாய் அரைத்த கை பட்டதுபோல் கன்னம் காந்தியது.

தினமும் பூசிவந்த கிரீமை நான்கு நாளாகப் பூசவில்லை. புதுச் சரக்கு வரவில்லை. நான் அதை விற்பவன்.

பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவது, செம்பனைத் தோட்டத்தில் குலை அறுப்பது, தஞ்சோங் மாலிமில் உணவுக்கடை, ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் கூடை தூக்குவது. எதிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. கடைசியில் சந்தை சந்தையாகப் போய், பெயர் ஒட்டாத வெள்ளை டப்பாக்களில் முகப்பூச்சு விற்றேன். வெயிலில் அலைந்தும் மங்காத என் முகம்தான் விளம்பரம்.

ஈப்போ கிளினிக்கில் பெண் டாக்டர் காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை யாருகிட்ட வாங்குனீங்க?"

"நான்தான் விக்கிறேன் டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அதில் ஸ்டீராய்டு (எரிச்சலை அடக்கும் மருந்து, கணக்கில்லாமல் பூசினால் தோல் மெலிந்துபோகும்) இருக்கலாம், பாதரசமும் இருக்கலாம் என்றார். "நிறுத்தினதும் இன்னும் சிவக்கும், உரியும். பயந்துபோய் மறுபடி பூசிறாதீங்க. முகத்துக்கு இப்ப ஓய்வுதான் வேணும்."

புந்தோங்கில் இருக்கும் அக்கா வீட்டில் தங்கினேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "மூணு நாள் ஒரு எடத்துல இருக்க மாட்டே. இப்ப மூஞ்சியே உன்னைக் கட்டிப் போட்டுருச்சு லா!"

அதே அக்கா எலுமிச்சையும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்துக் கொடுத்தார். வீட்டுப் பொருள்தானே என்று பூசினேன். மறுநாள் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கியது. வீட்டில் இருப்பதெல்லாம் முகத்துக்கு மென்மையானது இல்லை. இதை நான் வீங்கித்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு டாக்டர் சொன்னதை மட்டும் செய்தேன். இரண்டு வேளை, வாசனையில்லாத மெல்லிய சோப்பில், சூடில்லாத தண்ணீரில் முகம் கழுவுவேன். தேய்க்க மாட்டேன், ஒற்றி எடுப்பேன். ஈரம் காயுமுன் வாசனையில்லாத ஈரப்பசை கிரீம். வெளியே போனால் தொப்பி, வெயில் தடுப்புக் கிரீம். தோல் உரிந்தால் பிய்க்கக் கூடாது. உங்களுக்கும் இப்படி என்றால், நீண்ட நாள் பூசியதை டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

இரண்டாம் வாரம் சரக்கு வந்து சேர்ந்தது. பூசினால் இரண்டே நாளில் முகம் அடங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். ஒரு டப்பாவைத் திறந்தும்விட்டேன். அப்போது சுங்காயில் இருக்கும் சரோஜா அக்காவின் நினைப்பு வந்தது. அவர் செம்பனை நாற்றுப்பண்ணையில் வேலை செய்பவர். மகள் கவிதாவுக்குக் கல்யாணம் என்று மாதாமாதம் என்னிடம் வாங்குபவர்.

எல்லா டப்பாவையும் கிளினிக்கில் ஒப்படைத்தேன். உரிந்த முகத்தோடு சுங்காய்க்குப் பஸ் ஏறினேன்.

சரோஜா அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஐயோ, என்னப்பா இது?"

"உங்களுக்கு வித்த அதே கிரீம்தான்கா. நிறுத்தினதும் இப்படி."

"உன் மூஞ்சியைப் பாத்துத்தானே வாங்குனேன்!"

"அதான் மூஞ்சியோடயே வந்திருக்கேன்."

அவர் திட்டினார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். உள்ளிருந்து கவிதா வந்தாள். முகம் கண்ணாடிபோல் மினுங்கியது. கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன.

"எவ்ளோ நாள்ல சரியாகும் அண்ணே?"

"தெரியாதும்மா. எனக்கே இன்னும் ஆகல."

"கல்யாணத்துக்கு ரெண்டு மாசந்தான் இருக்கு."

மூன்று பேரும் கிளினிக்கிற்குப் போனோம். அவளைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னார்கள்.

அந்த இரண்டு மாதமும் அவள் அடிக்கடி அழைத்தாள். "அண்ணே, இன்னைக்கு ரொம்ப அரிக்குது, பூசிக்கவா?" "வேணாம்மா. ஈரத்துணி வச்சிட்டுச் சும்மா உக்காரு." சில நாள் அழுதாள். என் மீது கோபம் வந்த நாளில் பாதியில் வைத்துவிடுவாள்.

கல்யாணத்தன்று அவள் முகத்தில் இரண்டு நிறம் இருந்தது. ஒப்பனைக்காரப் பெண் கனமாகப் பூச வந்தபோது கவிதா அவள் கையைத் தடுத்துவிட்டாளாம். வாழ்த்தப் போன என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து மாப்பிள்ளை கேட்டார்: "என்ன, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கு?"

"ஒரே கம்பெனி சரக்கு," என்றாள் கவிதா. சரோஜா அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முன்பு என் வாரம் சந்தைகளால் ஆனது. திங்கள் ஓர் ஊர், செவ்வாய் ஓர் ஊர், எங்கும் நிற்காத அவசரம். இப்போது இடது கன்னத்தில் ஐந்து சென் நாணயம் அளவு கருமை இருக்கிறது. அது போவதற்கு மாதங்கள் ஆகலாம், போகாமலும் இருக்கலாம். என் வாழ்க்கையில் நான் அவசரப்படுத்தாமல் விட்டிருப்பது அந்த ஒன்றைத்தான்.