வாய் இறுக்காத தோட்டாக்கள்

ரங்கூனில் ஒரு துப்பாக்கிக் கடையில் பழுதுபார்க்கும் வேலை அப்பாவுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்சீனில் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, லைசன்ஸ் உள்ளவர்களின் காலித் தோட்டாக்களில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்துக் கொடுப்பார். எனக்கு ஒன்பது வயது. அவர் கைவேலையைப் பற்றி வகுப்புப் பெண்களிடம் நான் பீற்றிக்கொண்டதற்கு அளவில்லை.

ஒரு மழைக்கால மத்தியானம், துறைமுகத்தில் கூலிகளை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரி ஒருவர் ரிவால்வரோடு வந்தார். தனியாகத்தான் வந்தார். டீ வேண்டுமா என்று அம்மா கேட்டதும், பக்கத்தில் காலியாகக் கிடந்த முக்காலியை ஒரு தரம் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும் போதும்மா. அவன் குடிக்க மாட்டான்" என்றார். அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

ஆற்றில் விழுந்து செத்துப்போன கூலி ஒருவன் ஈரம் சொட்டச் சொட்ட அவர் வாசலில் வந்து நிற்கிறானாம்.

"சுட்டும் பாத்துட்டேன் அண்ணே. குண்டு அவனுக்குள்ள பூந்து சுவத்துல ஏறுது. ஆளு அசையல. கனமான குண்டா போட்டுக் குடுங்க."

"கனம் கூடுனா நீளமும் கூடும். இது குட்டை சிலிண்டர். குண்டு மூக்கு வெளிய நீட்டிச்சுன்னா சுத்தாது" என்றார் அப்பா. பிறகு மெதுவாக, "வீட்ல யாரு யாரு இருக்கா?"

"சம்சாரமும் கைப்புள்ளயும்."

"நான் முடியாதுன்னுட்டா?"

"வேற ஆளு செய்வான்."

அப்பா வேலையைத் தொடங்கினார். நீளக் குண்டுகளைச் சிலிண்டர் விளிம்போடு நிற்கும்படி அழுத்தி வைத்தார். அதன்பின் பித்தளைக் கூட்டின் வாயை இறுக்கவேண்டும். இறுக்காவிட்டால் முதல் வேட்டின் உதைப்பிலேயே மற்ற குண்டுகள் முன்னால் நகர்ந்துவிடும். அவரே எனக்குப் பலமுறை சொன்னதுதான். அன்று இறுக்கவில்லை.

"அப்பா, வாயை இறுக்க மறந்துட்டீங்க."

"உன் வாய மொதல்ல இறுக்கு."

அவர் என்னிடம் அப்படிப் பேசியதே கிடையாது. மறந்ததை மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மேஸ்திரி கிளம்பும்போது, படலைத் திறந்து பிடித்துக்கொண்டு, யாரோ முதலில் வெளியேறுவதற்காகக் காத்திருந்தார். பிறகுதான் அவர் போனார்.

நான்காம் நாள் காலையில் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, இடுப்பில் குழந்தையோடு.

"ஒரு வேட்டுதான்! மிச்ச குண்டெல்லாம் முன்னால வந்து சிக்கிக்கிச்சு! மொத குண்டு கதவு நிலையில பட்டுச்சு. ரெண்டாவது அடிக்கிறதுக்குள்ள அவன் இவளா மாறிட்டான்!"

"தண்ணி எடுக்கப் போனேன்கா, மழையில நனஞ்சிட்டேன்" என்று என் அம்மாவிடம் சொன்னாள் அவர் மனைவி.

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். அப்பா தலை குனிந்தபடி, "என் தப்புதான் மேஸ்திரி. துப்பாக்கி இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி அதைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அப்போது அந்தப் பெண் குழந்தையோடு குனிந்து அப்பாவின் காலைத் தொட்டாள். எனக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. ஊரறிய வேலையைக் கெடுத்துவிட்டு நிற்கும் மனிதரை இவள் ஏன் கும்பிடுகிறாள் என்று அவள்மேல் எரிச்சலாகவும் இருந்தது.